நம்பிக்கையை வகுப்பு வாசலில் கழட்டி வைக்க ஏலுமா?

போன மாதம் எங்கட வாசிப்பு வட்டத்தில் ஒரு சண்டை வந்தது. கருத்து முரண்பாடு என்று மரியாதையாகச் சொல்லலாம். ஆனால் பாதித் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகு அதைச் சண்டை என்றுதான் சொல்லவேண்டும். காரணம் ஒரு பாடப்புத்தகம். டேவிட் மையர்ஸ் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் எழுதிய 'சமூக உளவியல்'. ஆரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய பதிப்பு. முதுகு கிழிந்து செலோடேப் ஒட்டினது. ஞாயிறு பின்னேரங்களில் அதை அத்தியாயம் அத்தியாயமாக வாசித்து, ஆங்கிலம் ஓடாதவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தோம். நல்லாத்தான் போனது.

பிறகு எங்களில் ஒருத்தி இந்தாள் ஆர் என்று தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "இவர் ஒரு விசுவாசி. சும்மா பேருக்குக் கிறிஸ்தவர் இல்லை. ஒரு திருச்சபையோட சேர்ந்த கல்லூரியிலதான் வாழ்நாள் முழுக்கப் படிப்பிச்சவர். கிறிஸ்தவத்தைப் பற்றியே தனியாப் புத்தகங்கள் எழுதியிருக்கிறார்."

உடனே ஒரு பக்கம்: "அப்ப இவ்வளவு நாளும் நாங்கள் வாசிச்சது பிரசங்கமோ?" மற்றப் பக்கம்: "பாத்தியளோ, விஞ்ஞானமும் விசுவாசமும் ஒண்டுக்கொண்டு எதிரி இல்லை எண்டு நான் அப்பவே சொன்னனான்." இரண்டு பக்கத்துக்கும் ஒரே பிழை. இரண்டு பேருமே அந்த மனிதர் என்ன நம்புகிறார் என்பதை வைத்துப் புத்தகத்துக்குத் தீர்ப்பு எழுதினார்கள். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு அவர் வகுப்பில் என்ன செய்தார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எங்களுக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறோம். அதற்குள் எங்கட நண்பன் ஒருவனின் கதை இருக்கிறது.

முதலில் மையர்ஸ். 1942இல் சியாட்டில் நகரத்தில் பிறந்தவர். விட்வேர்த் என்ற கிறிஸ்தவக் கல்லூரியில் இரசாயனவியல் படித்தார். எண்ணம் டொக்டராவது. (இரசாயனவியல் படிக்கிற பிள்ளை டொக்டராகத்தான் வேணும் என்பது யாழ்ப்பாணத்தின் தனிச் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.) கடைசி நேரத்தில் மனம் மாறி, படிப்பிக்கிற வாழ்க்கைதான் தனக்குச் சரி என்று அயோவா பல்கலைக்கழகத்துக்கு உளவியல் கலாநிதிப் பட்டத்துக்குப் போனார். ஆளுமை உளவியல் படிக்கப் போனவரை, அதற்கு ஆள் இல்லை என்று சமூக உளவியலில் போட்டுவிட்டார்கள். 1967இல் மிஷிகன் மாநிலத்தில் ஹொலண்ட் என்ற சின்ன ஊரில் இருக்கிற ஹோப் கல்லூரிக்கு வேலைக்குப் போனார். பிறகு அவருடைய தொழில் வாழ்க்கை முழுக்க அங்கேதான். டச்சுக் குடியேறிகள் உண்டாக்கிய ஊர் அது. அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையோடு சேர்ந்த கல்லூரி. பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் இல்லை. இளமாணி மாணவர்களுக்குப் படிப்பிக்கிற இடம். அங்கே இருந்துகொண்டுதான் 1983இல் 'சமூக உளவியல்', 1986இல் 'உளவியல்' என்று இரண்டு பாடநூல்களை எழுதினார். பிறகு அவை பதிப்புக்கு மேல் பதிப்பாகப் பல நாடுகளுக்குப் போய்விட்டன.

ஒரு கோயில் கல்லூரிக்காரர் எழுதின புத்தகத்தை மதத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லாத பல்கலைக்கழகங்கள் ஏன் எடுத்தன? உள்ளே பிரசங்கம் இல்லை, அதுதான். ஆனால் அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இன்னொன்று இருக்கிறது: உளவியலாளர்களின் சொந்த விழுமியங்கள் ஆய்வுக்குள் எப்படி நுழைகின்றன என்று ஒரு பகுதி. எந்தக் கேள்வியை ஆராய எடுக்கிறோம், எதற்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதிலேயே ஆய்வாளருடைய சாய்வு வந்துவிடும் என்கிறார். 'நான் நடுநிலை' என்று சொல்லிக்கொண்டு வருகிற பாடநூலை விட இது எங்களுக்கு நேர்மையாகப் படுகிறது. எங்கட கம்பஸ் விரிவுரைக் குறிப்புகளில் இப்படி ஒரு வரி இருந்ததாக எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

சரி, விசுவாசத்தையும் உளவியலையும் எப்படி ஒரே தலைக்குள் வைத்திருக்கிறார்? அவர் தரப்பு 'விளக்கத் தளங்கள்' என்று அழைக்கப்படுகிறது. ஒரே விசயத்தைப் பல தளங்களில் விளக்கலாம், ஒன்று மற்றதை அழிக்கத் தேவையில்லை என்கிறது அது. எங்கட உதாரணத்தில் சொல்கிறோம். ஆவணி மடுத் திருவிழாவில் ஒரு தாய் மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டு அழுகிறா. உடற்றொழிலியல்காரர் நரம்பையும் ஹோர்மோனையும் பற்றிச் சொல்லலாம். உளவியல்காரர் இழவுத்துயர் என்பார். சமூக உளவியல்காரர் அத்தனை ஆயிரம் சனத்துக்கு நடுவில் நிற்பது அழுகையை எப்படித் திறந்துவிடுகிறது என்பார். அந்தத் தாய் தான் மாதாவோடு கதைத்ததாகச் சொல்லுவா. நாலும் ஒன்றாக நிற்கலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்களுக்கு இதில் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. இது மாடி வீட்டில் ஒவ்வொரு மாடியையும் ஒவ்வொரு குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுப்பது மாதிரி. ஒருத்தர் வீட்டுக்குள் ஒருத்தர் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. அந்தத் தாயின் மகன் 2009 மே மாதம் கையளிக்கப்பட்டு இன்னும் வரவில்லை என்றால், அவனைக் கொண்டுபோனவர்கள் எந்தத் தளத்தில் வருகிறார்கள்? நரம்பு, மனம், கூட்டம், கடவுள் என்று அடுக்கிக்கொண்டு போனால் அரசுக்கு அறையே இல்லை. உளவியல் படிப்பிக்கிற விசுவாசிகளும் சரி, உளவியல் படிப்பிக்கிற அவிசுவாசிகளும் சரி, இந்த அறையைக் கட்ட மறப்பதில் மட்டும் நல்ல ஒற்றுமை.

ஆனால் மையர்சை நாங்கள் மதிப்பது அந்தத் தளக் கோட்பாட்டுக்காக இல்லை. அந்தக் கோட்பாடு உடைகிற இடங்களில் அவர் நடந்துகொண்ட விதத்துக்காக.

முதலாவது இடம் ஜெபம். அமெரிக்காவில் இதயச் சத்திரசிகிச்சை நோயாளிகளை வைத்து ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. ஹார்வார்டைச் சேர்ந்த ஹேர்பேர்ட் பென்சன் தலைமையில், 6 வைத்தியசாலைகள், 1802 நோயாளிகள். சிலருக்காகக் கிறிஸ்தவக் குழுக்கள் ஜெபித்தன, சிலருக்காக ஜெபிக்கவில்லை. மதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கலியாணப் பேச்சு நடத்துவதில் ஆர்வமான டெம்பிள்டன் அறக்கட்டளைதான் பெரும்பகுதிக் காசு போட்டது. முடிவு வருவதற்குப் பல வருடம் முன்னமே, இந்த விசுவாசிப் பேராசிரியர் இதில் ஒரு விளைவும் தெரியாது என்று எழுதி வைத்துவிட்டார். கடவுள் இல்லை என்பதால் இல்லை. காசைப் போட்டால் சோடாப் போத்தல் விழுகிற இயந்திரம் மாதிரியான ஒரு கடவுளைத் தான் நம்பவில்லை என்பதால். 2006இல் முடிவு வந்தது. தங்களுக்காக ஜெபம் நடக்கலாம், நடக்காமலும் விடலாம் என்று மட்டும் தெரிந்தவர்களில், ஜெபிக்கப்பட்டவர்களுக்குச் சிக்கல் வந்தது 52 வீதம். ஜெபிக்கப்படாதவர்களுக்கு 51 வீதம். வித்தியாசம் இல்லை. தங்களுக்காக நிச்சயமாக ஜெபிக்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு 59 வீதம். அதாவது கூட. 'எனக்காக ஜெபிக்க ஆள் தேவைப்படுகிற அளவுக்கு என்ர நிலைமை மோசமோ' என்ற பயமாக இருக்கலாம் என்று பிறகு சிலர் சொன்னார்கள். வாட்டில் படுத்திருக்கிறவரைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று சத்தமாக ஜெபிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது அவ்வளவு விசித்திரமாகப் படாது.

பரிசோதனை வெல்லவேணும் என்று ஆசைப்படுவதற்கு எல்லாக் காரணமும் இருந்த ஒரு மனிதர், அது வெல்லாது என்று முன்கூட்டியே, எல்லாருக்கும் தெரிய எழுதி வைத்தார். தன் நம்பிக்கைக்கு வசதியான முடிவுக்காகக் காத்திருக்கவில்லை.

இரண்டாவது இடம் இன்னும் கடினம். தற்பாலீர்ப்பு. மையர்ஸ் வளர்ந்த சூழலில் அதற்கு ஒரே பெயர்தான்: பாவம். ஆனால் பாடநூல் எழுதுகிறவர் பதிப்புக்குப் பதிப்பு ஆய்வுகளைத் திரும்ப வாசித்தாகவேண்டும். வாசித்தார். பாலீர்ப்பு என்பது ஒருவர் தெரிவுசெய்வதும் இல்லை, நினைத்து மாற்றக்கூடியதும் இல்லை என்பதை ஆய்வுகள் காட்டுவதாகப் பாடநூலில் எழுதினார். அதோடு நின்றிருக்கலாம், ஆய்வு கீழ் மாடி, வேதம் மேல் மாடி என்று தன்னுடைய கோட்பாட்டுக்குள்ளேயே ஒளித்திருக்கலாம். மாறாக 2005இல் லேதா டோசன் ஸ்கன்சோனியோடு சேர்ந்து தற்பாலினத் திருமணத்தைக் கிறிஸ்தவக் காரணங்களோடு ஆதரித்து ஒரு புத்தகமே போட்டார். காலத்தைக் கவனியுங்கோ. அதற்கு முதல் வருடம், 2004 நவம்பரில்தான் மிஷிகன் வாக்காளர்கள் அப்படியான திருமணத்தைத் தடைசெய்து மாநில அரசியலமைப்பையே திருத்தியிருந்தார்கள். அதே 2005இல் அவருடைய கல்லூரி சேர்ந்திருந்த அதே திருச்சபை, தன் மகள் ஒரு பெண்ணை மணந்தபோது அந்தத் திருமணத்தை நடத்திவைத்த குற்றத்துக்காக நோர்மன் கான்ஸ்ஃபீல்ட் என்ற இறையியல் கல்லூரித் தலைவரை விசாரித்து ஊழியத்திலிருந்து இடைநிறுத்தியது. ஒரு தகப்பன், மகளின் கலியாணம். அதற்கு விசாரணை.

மையர்சின் வாதம் எங்களுக்கு முழுக்கப் பிடித்தது என்று சொல்லமாட்டோம். கலியாணம் நல்லது, ஆகவே அது எல்லாருக்கும் கிடைக்கட்டும் என்ற பழமைவாதத் தர்க்கம்தான் அது. கலியாணம் வேண்டாம் என்கிறவர்களுக்கு அதில் இடம் குறைவு. இருந்தாலும் தன் சபை, தன் ஊர், தன் சம்பளம் வருகிற இடம் மூன்றுக்கும் நடுவில் இருந்துகொண்டு 'நான் முன்னம் நினைத்தது பிழை' என்று சொல்வது சின்ன விசயம் இல்லை.

இப்ப எங்கட நண்பனின் கதை.

அவன் உயர்தரம் முடித்து, பல்கலைக்கழகம் கிடைக்காமல், உளவளத்துணை டிப்ளோமா ஒன்றுக்குச் சேர்ந்தான். எங்கே என்று எழுதவில்லை; அந்த இடத்தைத் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எங்கட நோக்கம் இல்லை, அப்படியான இடங்கள் கனக்க இருக்கின்றன. விரிவுரையாளர் ஒரு மிஸ். நல்லாப் படிப்பிப்பா, அன்பான ஆள். பஸ் காசு இல்லாத பிள்ளைக்குத் தன் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பா. வகுப்பு தொடங்க முன்னம் எல்லாரும் தலை குனியவேண்டும். சைவப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரும்தான். ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இருபத்தைந்து தலை குனிந்திருக்கிற அறையில் தன் தலையை மட்டும் நிமிர்த்தி வைத்திருக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? சமூக உளவியல் புத்தகத்தில் இணங்கிப்போதல் என்று ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. அதை அந்த மிஸ்தான் அவர்களுக்குப் படிப்பிச்சவ.

பாலீர்ப்புப் பாடம் வந்தபோது அவ அதை ஒரு பக்கத்தில் தாண்டிவிட்டா. எங்கட நண்பன் கை உயர்த்திக் கேட்டான்: "மிஸ், 1973இல அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதை நோய்ப் பட்டியலிலயிருந்து எடுத்தது எண்டு வாசிச்சன், அதை நோட்ஸ்ல போடேல்லையே?" அவ சிரித்துக்கொண்டே சொன்னா: "அது சோதினைக்கு வராது தம்பி."

வகுப்பு முடிய அவனைத் தனியாகக் கூப்பிட்டா. ஏன் கேட்டான் என்று அவவுக்கு விளங்கியிருக்கவேண்டும். உளவளத்துணையின் எல்லா ஒழுங்கின்படியும், கண்ணைப் பார்த்து, குறுக்கிடாமல் கேட்டா. அவனும் சொல்லிவிட்டான். வாழ்க்கையில் முதல்தரம் ஒரு பெரிய ஆளுக்கு வாய் திறந்து சொன்னது அதுதான். சொல்லி முடிய அவ எழும்பி வந்து அவன் தலையில் கை வைத்து ஜெபிக்கத் தொடங்கினா. "ஆண்டவர் மாத்துவார், நீர் பயப்பிடாதையும்." அவவின் கண்ணிலும் தண்ணி வந்ததாம். அவன் அதைச் சொல்லும்போது கோபமாகச் சொல்லவில்லை. "அவ உண்மையா அழுதவ மச்சான், அதுதான் எனக்குத் தாங்க ஏலாமப் போனது" என்றான். அடுத்த கிழமை அவன் வகுப்புக்குப் போகவில்லை. பிறகும் போகவில்லை.

1883ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் எழுதிவைத்த தண்டனைக் கோவையின் 365, 365ஏ பிரிவுகளைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு வாழுகிற ஒரு இளைஞன், தன்னைக் காப்பாற்றும் என்று நம்பி உளவியலிடம் வருகிறான். அங்கேயும் அதே கை தலையில் வந்து விழுகிறது. இதில் மிஸ்ஸின் விசுவாசம் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. அவ கடவுளை நம்பட்டும், தனக்குள் அவனுக்காக ஜெபிக்கட்டும். 1973 என்ற ஆண்டை மாணவர்களிடமிருந்து ஒளித்தாவே, அதுதான் பிரச்சினை. மையர்ஸ் தன் விசுவாசத்தை ஆய்வுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். இவ ஆய்வைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டா.

பூட்டுவதற்கும் ஒரு பரம்பரை இருக்கிறது. 1970இல் ஜே அடம்ஸ் என்ற அமெரிக்கப் போதகர், உளவளத்துணை செய்ய உளவியல் தேவையே இல்லை, வேதாகமம் போதும் என்று ஒரு புத்தகம் எழுதினார். உடல் நோய் இல்லாத பெரும்பாலான மனப் பிரச்சினைகளின் வேர் பாவம்தான், கண்டித்துத் திருத்தவேண்டும் என்பது அவர் வழி. பிழை என்றாலும் ஒரு வகையில் வெளிப்படையான ஆள்: நான் உளவியல் செய்யவில்லை என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார். எங்கட ஊரில் நடப்பது அதைவிட மோசமான கலவை. சுவரில் டிப்ளோமாச் சான்றிதழ், மேசையில் உளவியல் புத்தகம், கதிரையில் போதகர். வருகிற ஆளுக்கு எதற்கு வந்திருக்கிறம் என்றே தெரியாது. சைவ ஆட்கள் இதை வாசித்துவிட்டுப் புன்னகைக்கவேண்டாம். 'உங்கட கிரகம் சரியில்லை, ஒரு சாந்தி செய்யுங்கோ' என்று அனுப்பிவைத்த உளவளத்துணையாளரையும் எங்களுக்குத் தெரியும்.

இன்னொரு பழைய கணக்கு. அந்த ஹோப் கல்லூரியின் சீர்திருத்தத் திருச்சபை எங்களுக்கு முழுக்க அந்நியம் இல்லை. 1820இல் பண்டத்தரிப்புக்கு வந்து வைத்தியம் பார்த்த ஜோன் ஸ்கடர் அந்தச் சபைக்காரர்தான். அமெரிக்க மிஷனோடு வந்தவர். அதே மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம், கணிதம், வானியல், விஞ்ஞானம் எல்லாம் படிப்பிச்சது. 1855இல் மிஷன்காரர்களே அதை மூடினார்கள். உத்தியோகத்துக்குத்தான் ஆட்கள் உருவாகிறார்கள், ஊழியத்துக்கு இல்லை என்பது அவர்களின் முறைப்பாடு. அங்கே படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை பிறகு சைவத்துக்குத் திரும்பிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். வகுப்பறையை ஆள் பிடிக்கிற வலையாக நினைத்தவர்களுக்கு அது தோல்விக் கணக்கு. எங்களுக்கோ அந்த வகுப்பறை தந்ததில் திறமானது அதுதான்: படிச்சவன் தன் முடிவைத் தானே எடுத்தான்.

இவ்வளவு நேரமும் விசுவாசிகளுக்கு அடித்தாகிவிட்டது. இனி எங்களுக்கு.

எங்களில் மூன்று பேர் கம்பசில் ஒரே விரிவுரையில் இருந்தவர்கள். விரிவுரையாளர் தன்னை நாத்திகர் என்று சொல்லிக்கொள்கிற சேர். ஒருநாள் பேய் பிடித்தல், அந்நிய பாஷை பேசுதல் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, "எங்கட சனத்தின்ர விசர்" என்று நடித்துக் காட்டினார். கையை மேலே தூக்கி, கண்ணை மூடி, வாய்க்கு வந்ததை உளறி. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. முன் வரிசையில் வன்னியிலிருந்து வந்த ஒரு பிள்ளை. பெந்தகொஸ்தே சபை. முள்ளிவாய்க்காலில் தகப்பனை விட்டுவிட்டு வந்த குடும்பம். அவள் அந்த வருடம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. நாங்களும் சிரித்தோம். சேர் நல்லா நடித்தார் என்று கன்ரீனில் வந்து திரும்ப நடித்தும் காட்டினோம். மிஸ்ஸின் ஜெபத்தைப் பற்றி ஆவேசமாக எழுதுகிற இந்தக் கைகள்தான் அண்டைக்கு மேசையைத் தட்டிச் சிரித்த கைகள்.

அந்தச் சேர் செய்ததில் உளவியல் எங்கே இருந்தது? ஒரு இடமும் இல்லை. மையர்ஸ் ஜோர்ஜ் பிஷப்போடு 1970இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. இனப் பாகுபாடு கூடின உயர்பள்ளி மாணவர்களைத் தங்களுக்குள் கதைக்க விட்டார்கள், குறைந்தவர்களைத் தங்களுக்குள் கதைக்க விட்டார்கள். கதைத்து முடிய, கூடினவர்களுக்கு இன்னும் கூடிவிட்டது, குறைந்தவர்களுக்கு இன்னும் குறைந்துவிட்டது. ஒரே மாதிரி ஆட்கள் ஒரே அறைக்குள் இருந்து கதைத்தால் அப்படித்தான். எங்கட வாசிப்பு வட்டம் மட்டும் என்ன விதிவிலக்கோ? 'மதம் எண்டாலே விசர்' என்று ஏழெட்டுப் பேர் ஒவ்வொரு ஞாயிறும் ஒருத்தரை ஒருத்தர் முதுகில் தட்டிக்கொண்டிருந்தால் கடைசியில் அந்தப் பிள்ளையின் முகமே தெரியாமல் போய்விடும்.

2011இல் எட் டீனர், லூயிஸ் டே ஆகியோரோடு மையர்ஸ் எழுதிய ஒரு கட்டுரை எங்கட பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் சேர்த்து அடிக்கிறது. மதம் ஆட்களைச் சந்தோசமாக்குகிறது என்றால் ஏன் இவ்வளவு பேர் அதை விட்டுப் போகிறார்கள் என்பது கேள்வி. பல நாட்டுத் தரவுகளில் அவர்கள் கண்டது: பசி, பயம், குறுகிய ஆயுள் என்று வாழ்க்கை கடினமான இடங்களில் சனம் கூட மதப்பற்றோடு இருக்கிறது; அங்கே மதப்பற்றும் நல்வாழ்வும் ஒன்றோடொன்று சேர்ந்து போகின்றன. வாழ்க்கை வசதியான நாடுகளில் மதப்பற்று உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு விசுவாசி தன் பெயரைப் போட்டு வெளியிட்ட முடிவு இது. 'கடவுள்தான் சந்தோசம் தருகிறார்' என்று பிரசங்கிக்க இது உதவாது. 'மதம் வெறும் விசர்' என்று நடித்துக் காட்டவும் இது உதவாது. அந்த வன்னிப் பிள்ளையின் சபை, போருக்குப் பிறகு அவளுடைய தாய்க்குக் கிடைத்த ஒரே கூட்டம். அங்கே அந்த மனுசி சத்தம் போட்டு அழலாம். வேறெங்கே அழ விட்டோம்?

மையர்ஸ் மாதிரி இருக்க எல்லாருக்கும் ஏலாது என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். நியாயம். அவருக்கு நிரந்தரப் பதவி இருந்தது, பாடநூல் பேர் இருந்தது. அந்த நூல்களின் வருமானத்தை ஒரு அறக்கட்டளைக்கு விடுகிற அளவுக்கு வசதி இருந்தது. எங்கட மிஸ்ஸுக்கு இருப்பது வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். நோட்ஸில் 1973ஐ எழுதினால் அடுத்த வருடம் அவவுக்கு வேலை இருக்குமோ தெரியாது. அவ ஒளித்தது விசுவாசத்தாலா பயத்தாலா என்று எங்களாலும் அடித்துச் சொல்ல ஏலாது. அதனால் கேள்வியை அவவோடு நிறுத்தாமல், அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிறவர்களிடம் கேட்கிறோம்: பாடத்திட்டத்தில் உள்ளதைப் படிப்பித்ததற்காக ஒரு ஆசிரியருக்கு வேலை போகாது என்று எழுத்தில் தருவீர்களா? வகுப்புக்கு முதல் ஜெபம் வேண்டும் என்றால் ஐந்து நிமிசம் முந்தி வைத்து, வராமல் விடுகிற பிள்ளையின் பெயரைக் குறிக்காமல் விடுவீர்களா? துணை தேடி வருகிறவருக்கு, நான் இன்ன நம்பிக்கை உள்ள ஆள், உமக்கு வேறு ஆள் வேண்டுமென்றால் சொல்லும் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லும்படி உங்கட மாணவர்களுக்குப் படிப்பிப்பீர்களா? இதுக்கெல்லாம் காசு ஒண்டும் செலவில்லை.

சைக்கிளில் போனவர் போன ஞாயிறு திரும்பி வந்தார். தேத்தண்ணி குடித்தார், மன்னிப்புக் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முன்முடிவு பற்றிய அத்தியாயத்தை வாசிக்கத் தொடங்கியிருக்கிறோம். அந்த வன்னிப் பிள்ளையைத் தேடிப் பிடித்து இலக்கம் எடுத்திருக்கிறோம், இன்னும் ஒருவருக்கும் கதைக்க வாய் வரவில்லை. புத்தகம் இப்போதைக்கு நண்பனிடம் இருக்கிறது. டிப்ளோமாவைத் திரும்பத் தொடங்கப்போவதில்லை, ஆனால் வாசித்து முடித்துவிட்டுத்தான் தருவானாம். வேணுமெண்டா அவனிட்டக் கேளுங்கோ. முதுகைப் பிடிச்சுத் தூக்காதேங்கோ, கழண்டுபோம்.